நின்றால் கெடும் கார்

என் காரைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி, “எவ்வளவு வேகம் போகும்?” இரண்டாவது, “வீட்டுக்காரருடையதா, அக்கா?” பெட்ரோல் நிலையமோ கோவில் வாசலோ, எங்கே நிறுத்தினாலும் இந்த இரண்டும் இதே வரிசையில் வந்துவிடும். வீட்டுக்காரருக்கு பெரோடுவா மைவி போதும். அதில் வேலைக்குப் போகிறார், வருகிறார், எந்த வேகத்தடையைப் பார்த்தும் அவருக்கு வயிறு கலங்குவதில்லை. போர்ஷே 911 என்னுடையது. 2013ஆம் ஆண்டுத் தயாரிப்பு; 991 என்று சொல்லப்படும் தலைமுறை; டர்போ இல்லாத 3.4 லிட்டர் எஞ்சின். பிரிட்டனிலிருந்து ரீகாண்ட் காராக, அதாவது அங்கே ஓடிய காராக, இறக்குமதியாகி, இங்கே ஒரு கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

இந்த ஊரில் அதை எப்படிக் கட்டிக் காக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான். கோலாலம்பூரில் இப்படிப்பட்ட கார்கள் வேகமாக ஓடிக் கெட்டதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. ஈரத்தில் கெடுகின்றன, வெயிலில் கெடுகின்றன, எல்லாவற்றையும்விட அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உறை போர்த்திக்கொண்டு சும்மா நின்றே கெடுகின்றன.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன். 911இல் எஞ்சின் பின்னால் இருக்கிறது, பேட்டரி முன்பக்கச் சாமான் அறையில் இருக்கிறது. அந்த அறையின் மூடி மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி செத்தால் மூடி திறக்காது, மூடி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, இழுவை லாரியை அழைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வழி காருக்குள்ளேயே இருக்கிறது. சாவியில் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்தால், முன்னிருக்கையில் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி. அதன் மூடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் சிவப்பாக ஒரு முனை தெரியும். அதை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியின் நேர்முனைக் கம்பியை அதில் மாட்டி, எதிர்முனைக் கம்பியைக் கதவு வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வளையத்தில் மாட்ட வேண்டும். பிறகு சாவியின் பொத்தானை அழுத்தினால் முன்மூடி ‘டக்’ என்று எழும்பும். இந்த முனை மூடியைத் திறக்க மட்டுமே. அதன் வழியாக எஞ்சினைக் கிளப்பப் பார்க்கக் கூடாது. கையேட்டில் இது இருக்கிற பக்கத்தை இன்றே படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்துகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

இந்த நிலைக்கே போகாமல் இருக்க, மெதுவாக மின்னேற்றிக்கொண்டே இருக்கும் சிறு கருவி ஒன்று போதும். அதற்கு கார் நிறுத்துமிடத்தில் ஒரு மின்பிளக் வேண்டும். முன்பெல்லாம் அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் இதைக் கேட்டால் நிலவில் இடம் கேட்டவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். மின்சாரக் கார்கள் வந்த புண்ணியத்தில் இப்போது தனி மீட்டர் வைத்துக் கொடுக்கிறார்கள்.

வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். கடைக்குப் போய்த் திரும்பும் ஓட்டம் கணக்கில் சேராது. குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். 911இன் முகப்பில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் தனித்தனி வெப்பமானி உண்டு. நம் ஊர் வெயிலில் நீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். எண்ணெய் அப்படி இல்லை. 90 பாகையை எட்ட அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால், எத்தனை பேர் எஞ்சினை அரைகுறைச் சூட்டில் உதைக்கிறார்கள் என்பது புரியும். எண்ணெய் 80ஐத் தாண்டும்வரை நான் எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் விடுவதில்லை. வெளியூர் போகும்போது, “தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை” என்று தம்பியிடமோ காவலாளியிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைவிட அந்தக் காரைத் தொடாமல் விடுவதே மேல். குளிர்ந்த எஞ்சினுக்குள் எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து அங்கேயே தங்கும். முழுச் சூட்டில் ஓடினால்தான் அவை ஆவியாகி வெளியேறும்.

அடுத்தது எனக்கே வியப்பாக இருந்த விஷயம். நெரிசலில் நிற்கும்போது ஏசி குளிர் குறைவதும், ஓடத் தொடங்கினால் சரியாவதுமாக இருந்தது. ஏசி வாயு குறைந்திருக்கும் என்று நினைத்துச் சுங்கை பூலோவில் நான் போகும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய சீனர். என்னுடன் மலாயில்தான் பேசுவார். அளவுமானியை எடுக்கவே இல்லை. முன் பம்பரின் இரு ஓரத்திலும் உள்ள காற்றுத் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால்தான், வலமும் இடமுமாக. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்கள் அவற்றுக்கும் முன்னால். ஓடும்போது சாலையில் கிடப்பதையெல்லாம் அந்தத் துளைகள் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். பம்பரைக் கழற்றியதும் உள்ளே பார்த்தேன். மட்கிய இலைகள் தேயிலைச் சக்கையைப் போலக் கறுத்து, ஈரத்தோடு, கண்டென்சரின் கீழ் மூலையில் அப்பிக் கிடந்தன. நடுவே ஒரு நெகிழிப் பைத் துண்டு, சிவப்புப் பட்டாசுக் காகிதம், இறந்துபோன தும்பிகள். இந்த ஈரச் சக்கைதான் அலுமினியத் தகடுகளை அரித்து ஓட்டையாக்கும். அப்புறம் கண்டென்சரையே மாற்ற வேண்டியதுதான். அவர் மெல்லிய தூரிகையாலும், குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளியே ஊதியும் சுத்தம் செய்தார். உயர் அழுத்த நீரைப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வதை ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் துளைக்குள் குழாய் விட்டு உறிஞ்சினாலே பாதி வெளியே வந்துவிடும். நிழல் இருக்கிறதே என்று மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

ஈரம் காருக்குள்ளும் வேலை காட்டும். தோல் இருக்கையின் தையல் ஓரத்தில், ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில், பெல்ட்டின் மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். துடைத்தால் போகும், மறுபடி வரும். ஈரத்தை உறிஞ்சும் உப்புப் பெட்டி ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்து, நீர் நிரம்பியதும் மாற்றுவதே மலிவான மருந்து. பெட்டி கவிழ்ந்தால் அந்த உப்புநீர் தோலைக் கெடுத்துவிடும் என்பதால் ஓடும்போது அதை வெளியே எடுத்துவிடுகிறேன். வீடு நெருங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியின் குளிர்ப் பொத்தானை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் ஆவியாக்கி உலர்ந்துவிடும். ஊறிய துணி நாற்றம் வராது. நெகிழி உறை மட்டும் வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்த கார்மேல் அதைப் போர்த்துவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

வண்ணப் பூச்சைப் பற்றித்தான் இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. முன்பக்கத்துக்கு மட்டும் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறேன், லாரி தெறிக்கும் கற்களுக்காக. பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் நீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். சாலையோரக் கழுவுமிடத்தில் எல்லாக் கார்களையும் துடைத்த அதே துணியால் உங்கள் காரையும் துடைப்பார்கள். ஆகவே கழுவுவதை நானே செய்கிறேன். கழுவியபின் ஒரு சுற்று ஓட்டி பிரேக் பிடித்துத் தட்டுகளை உலர்த்திவிட்டு நிறுத்துகிறேன். இல்லாவிட்டால் மறுநாள் காலை தட்டுகள் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருக்கும்.

பூசை விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. பூசை போடாத காரில் ஏற மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் சந்தனத்தில் பொடிக்கல் இருக்கும்; காய்ந்தபின் தேய்த்து எடுத்தால் பூச்சில் கோடு விழும். ஆகவே குருக்களிடம் போய், “சாமி, சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியில் மட்டும் வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்து, “கண்ணாடியில் வைத்தாலும் அம்பாள் பார்ப்பாள், அம்மா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியிலேயே வைத்தார். மாலையை முன்மூடியில் போடாமல் உள்ளே பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டோம். தேங்காயைக் காருக்கு முன்னால் உடைக்காமல் பக்கவாட்டில் பத்தடி தள்ளி உடைக்கச் சொல்லுங்கள். ஓடு தெறித்தால் படலமும் காப்பாற்றாது. எலுமிச்சையில் பிரச்சினை ஒன்றும் இல்லை. பின் டயர் 285 மில்லிமீட்டர் அகலம். ஏறி இறங்கியபின் பழம் இருந்த இடமே தெரியவில்லை. வெளியே வந்ததும் சாற்றைக் கழுவிவிட்டேன், அவ்வளவுதான்.

அந்த அகலமே மழையில் எதிரியாகும். பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை கொட்டினால் கூட்டரசு நெடுஞ்சாலையில் முன்னே போகும் காரின் விளக்குகூடத் தெரியாது. 911இன் எடை பின்னால் குவிந்திருக்கிறது, மூக்கு லேசு. தேங்கிய நீரில் அகன்ற டயர் ஏறி மிதக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங் கையில் கனமற்றுப் போகும். அந்த உணர்வு வந்தால் வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. டயர்க் கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகும்வரை சட்டம் தேயவிடுகிறது; நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். பின் டயர்கள் உள் விளிம்பில்தான் முதலில் தேயும், நின்று பார்த்தால் தெரியாது. கைப்பேசியைக் கீழே நீட்டிப் படமெடுத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கோடு ஆழமாக இருந்தாலும் ரப்பர் ஆறு வயதைத் தாண்டியிருந்தால் இந்த வெயிலில் அது கெட்டித்திருக்கும். போர்ஷேக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களில் ‘என்’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். நான்கிலும் அதே குறி இருப்பது நல்லது.

டயர் கடையில் கூடவே நில்லுங்கள். நான் போன ஒரு கடையில் பையன் ஜாக்கைக் கொண்டுவந்து கதவுக்குக் கீழே கைக்கு எட்டிய இடத்தில் வைத்தான். “தம்பி, கொஞ்சம் பொறு” என்று குனிந்து, காரின் அடியில் அதற்கென்று இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். அவன் முகத்தைச் சுளித்தான். பரவாயில்லை, நசுங்கிய தகட்டைவிட அது மலிவு.

வெள்ளத்துக்கு என்னிடம் ஒரே உத்தி: எதிர்கொள்ளாமல் இருப்பது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளநீரைக் கொண்டுபோக வெட்டியது. கார்கள் போவது அதன் ஒரு பகுதியில்தான். சுரங்கத்தை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள் என்று அறிவிப்பு வந்தால் ஆறுகள் நிரம்புகின்றன என்று பொருள். அன்று 911 வீட்டைவிட்டு இறங்காது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகும் பலருக்குத் தெரியாத ஒன்று: விரிவான காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளமும் நிலச்சரிவும் அதில் தானாகச் சேராது, கூடுதல் கட்டணம் கட்டி அந்தப் பிரிவைச் சேர்க்க வேண்டும். முன்கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடிக்குத் தனியாகச் சேர்த்திருந்தால், இழப்பீடு கேட்டாலும், கேட்காத ஆண்டுகளுக்காக 55 விழுக்காடு வரை ஏறியிருக்கும் கோரிக்கையில்லாக் கழிவு அப்படியே இருக்கும். இன்னொன்று, சந்தை மதிப்புக்குப் பதிலாக முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்குக் காப்புறுதி எடுங்கள். இத்தகைய கார்களுக்குச் சந்தை மதிப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கார் போனபின் அதைப் பற்றி வாதாட நேரிடக் கூடாது.

தொழிலில் நான் கணக்காளர். சாலை வரிக் கணக்கைக் கொஞ்சம் ரசித்தே போடுவேன். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை 2,130 ரிங்கிட், அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென். என் எஞ்சின் 3,436 சிசி, 350 குதிரைத்திறன். ஆண்டுக்கு 4,092 ரிங்கிட். இதற்கு அடுத்து வந்த 911இல் டர்போ வைத்து எஞ்சினை 2,981 சிசியாகச் சுருக்கிவிட்டார்கள். திறன் 370, வரி 2,082 ரிங்கிட் 50 சென். போர்ஷேயின் இரண்டு லிட்டர் 718 கேமனுக்கோ வெறும் 374 ரிங்கிட். வரியை மட்டும் பார்க்கிறவர் என் காரை வாங்கவே மாட்டார். டர்போ இல்லாத ஆறு சிலிண்டரின் குரலைக் கேட்டவர் அந்த வித்தியாசத்தைச் செலவுக் கணக்கில் எழுத மாட்டார்.

அந்தக் குரலைக் கேட்க ஞாயிறு விடியற்காலை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிளம்புவேன். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் பக்கம்தான் எல்லோரும் போகிறார்கள். எனக்குக் கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பழைய சாலை பிடிக்கும். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த வழியில்தான். எவ்வளவு வளைவுகள் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டியதும் சாலை குறுகி, மூங்கில் இருபுறமும் கவியும். கண்ணாடியை இறக்கி, ஏசியை நிறுத்தி, மூன்றாம் கியரில் 60க்கும் 80க்கும் இடையே வைத்துக்கொண்டு போனால் போதும். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்ந்து முன் டயர்கள் சாலையை இறுகப் பிடிக்கும். வளைவின் நடுவில் வேகமிதியை மெல்ல அழுத்தினால் பின்பக்கம் உட்கார்ந்து காரைத் தள்ளும். பின்னால் எஞ்சின் இருப்பதன் சுகம் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது, அதற்கு 100ஐத் தொடக்கூட வேண்டியதில்லை. இந்த எஞ்சினின் உச்சத் திறன் 7,400 சுற்றில். இரண்டாம் கியரில் அதை எட்டும்போதே நெடுஞ்சாலை வரம்பான 110ஐத் தாண்டியிருப்பீர்கள். வளைவுக்கு அப்பால் சைக்கிள் கூட்டமோ குரங்குக் குடும்பமோ விழுந்த மூங்கிலோ இருக்கும் என்று எண்ணியே திரும்ப வேண்டும்.

முழுவேகம் பார்க்க ஆசையிருந்தால் சிப்பாங் இருக்கிறது. 5.543 கிலோமீட்டர், 15 திருப்பங்கள், 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 ஓடிய பாதை. பொதுமக்களுக்கான ஓட்ட நாள்களும் நடக்கின்றன. போவதற்கு முன் பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். நீர் சேர்ந்தால் சூட்டில் குமிழி வைத்து மிதி தரைவரை போய்விடும். ஓட்டப் பாதைக்குப் போகாதவர்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வழக்கமான காப்புறுதி அங்கே செல்லாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது தம்பி மகன் ஒரு பழைய கேமனைப் பார்த்து வைத்திருக்கிறான். 2.7 லிட்டர், 2,706 சிசி, சாலை வரி 1,395 ரிங்கிட். “அத்தை, இதைக் கட்டிவிடலாம்” என்கிறான். வரியைக் கட்டலாம், காரைப் பற்றி இன்னும் தெரியவில்லை. அதுவும் பிரிட்டனிலிருந்து வந்தது. அந்த நாட்டில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் எம்ஓடி என்னும் சோதனை உண்டு; பழைய பிரிட்டிஷ் பதிவு எண் கிடைத்தால், எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் குறை கண்டார்கள் என்பதை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மைல்மானியைத் திருப்பியவர் அங்கே மாட்டிக்கொள்வார். பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புக் கொட்டுவார்கள் என்பதால், காரைத் தூக்கி அடிப்பக்க ஆணிகளிலும் புகைக்குழாயிலும் துருவைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் உப்புப் பயம் குறைவு, ஆனால் அந்தக் காலத்து வானொலி 90க்கு மேல் போகாது. நம் தமிழ் வானொலிகளான மின்னலும் ராகாவும் கேட்காது. கடைசியாக, எஞ்சின் எந்தச் சுற்றெல்லைக்கு எத்தனை முறை விரட்டப்பட்டது என்ற பதிவு காரின் கணினியிலேயே இருக்கிறது. கருவி வைத்திருக்கும் பட்டறையில் அதை எடுத்துப் படித்த பிறகுதான் பேரம்.

விற்பவரிடம் பழைய பதிவு எண்ணைக் கேட்டானாம். தேடித் தருகிறேன் என்றாராம், ஆனால் முன்பணத்தை இந்த வாரமே எதிர்பார்க்கிறாராம். எண் வந்தபிறகு பணத்தைப் பற்றிப் பேசு, அதுவரை டயரின் நான்கு இலக்கத்தையாவது படமெடுத்து அனுப்பச் சொல் என்று சொல்லியிருக்கிறேன்.